புரோஸ்டேட் புற்றுநோய்: ரோபோவா, ஓப்பனா என்பது கடைசிக் கேள்வி

வாரத்துக்கு ஒரு போனாவது வந்துவிடுகிறது. "அண்ணாச்சி, உங்க நம்பரை சண்முகம் சார் கொடுத்தாங்க. அப்பாவுக்கு புரோஸ்டேட்ல கேன்சர்னு சொல்லிட்டாங்க. ரோபோ பண்ணலாமா, ஓப்பனே போதுமா?"

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சிறு சுரப்பி. அதை வயிற்றைத் திறந்து கையால் எடுப்பது ஓப்பன், சிறு துளைகள் வழியாக டாக்டர் மெஷின் கைகளை இயக்கி எடுப்பது ரோபோ. நான் ரோபோவில் செய்துகொண்டவன். இரண்டரை வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டை வட்டாரத்தில் இந்த நோயைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. டாக்டர் இல்லை, டெலிபோன் டிபார்ட்மெண்டில் முப்பத்தைந்து வருஷம் கேபிள் பார்த்தவன். அதனால் பதில் சொல்வதற்கு முன்னால் நானே ஒன்று கேட்பேன்: "பயாப்சி ரிப்போர்ட்ல கிளீசன் எத்தனை போட்டிருக்கு?" சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது பயாப்சி, நோய் எவ்வளவு முரடு என்று அதில் போடுகிற எண் கிளீசன். மறுமுனை அமைதியாகிவிடும். ரிப்போர்ட் மூத்த மகன் பையில் இருக்கும், அவர் ஓசூரில் இருப்பார்.

ரோபோவா ஓப்பனா என்பது ஆபரேஷன் என்று முடிவான பிறகு வருகிற கேள்வி. அதற்கு முன்னால் ஆபரேஷனா, கதிர்வீச்சா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கும் முன்னால், இப்போதைக்கு எதையாவது செய்தே ஆக வேண்டுமா என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் கடைசிப் படியில் நின்றுகொண்டு வழி கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "எங்க மாமாவுக்கும் புரோஸ்டேட் ஆபரேஷன்தான், நாலு நாள்ல எழுந்து நடமாடிட்டாரு" என்று யாராவது சொன்னால், அது அநேகமாகப் புற்றுநோய் இல்லாத சாதாரண வீக்கம். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு அடைப்பைச் சுரண்டி எடுப்பார்கள், சுரப்பி உள்ளேயே இருக்கும். நான் பேசுவது சுரப்பியை முழுதாக எடுக்கும் ஆபரேஷன். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. நோய் எலும்புக்குப் போய்விட்டவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்களுக்கு ஆண் ஹார்மோனை அடக்குகிற ஹார்மோன் ஊசி, மாத்திரை என்று பாதையே வேறு.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நோயின் மூர்க்கம். மூன்று தாள் கையில் வேண்டும்: பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை (புரோஸ்டேட் சுரக்கிற ஒரு புரதத்தின் அளவு), பயாப்சியின் கிளீசன் எண், எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கிளீசனை இரண்டு எண்ணாகக் கூட்டி எழுதுவார்கள். 3+3=6 என்றால் சாது. 8, 9, 10 என்றால் முரடு. நடுவில் இருக்கிற ஏழில் ஒரு சூட்சுமம் உண்டு: 3+4 ஆனாலும் 4+3 ஆனாலும் கூட்டினால் ஏழுதான், ஆனால் 4+3 கூடுதல் மோசம். ரிப்போர்ட்டில் "ஏழு" என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பி.எஸ்.ஏ. பத்துக்குள் இருப்பது நல்லது, இருபதைத் தாண்டினால் கவலை. எனக்கு 9.4, கிளீசன் 3+4, சுரப்பியின் உறைக்குள்ளேயே வலது பக்கம் மட்டும்.

இரண்டாவது, முன்னால் இருக்கிற வருஷங்கள். இது மெதுவாக நகர்கிற நோய். ஆபரேஷனின் பலன் கண்ணில் தெரியவே பத்து வருஷம் ஆகலாம். அறுபது வயதில் வேறு நோய் இல்லாதவருக்கும், எழுபத்தாறு வயதில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஒரே ரிப்போர்ட் வந்தாலும் ஒரே முடிவு வராது.

மூன்றாவது, எந்த இழப்பைத் தாங்குவீர்கள். சிறுநீர் கசிவு, தாம்பத்யம், மலக்குடல் தொந்தரவு. மூன்றில் எதையும் தொடாத சிகிச்சை கிடையாது.

நான்காவது, முதல் சிகிச்சை பலிக்காமல் போனால் அடுத்து என்ன மிச்சம்.

ஐந்தாவது, உங்கள் ஊர், வீட்டில் கூடமாட இருக்க ஆள், பணம். ஆஸ்பத்திரியில் இதைக் கேட்கவே மாட்டார்கள். வீட்டில் இதை மட்டும்தான் கேட்பார்கள்.

## ஒரே ஒரு அட்டவணை

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை ஆள் சேர்த்து, 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, 15 வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. 'புரொடெக்ட்' என்று பெயர், 15 வருஷ முடிவு 2023-ல் வெளிவந்தது. எல்லாரும் 50-க்கும் 69-க்கும் இடைப்பட்டவர்கள், நோய் சுரப்பியைத் தாண்டாதவர்கள்.

| | கண்காணிப்பு | ஆபரேஷன் | கதிர்வீச்சு |
|---|---|---|---|
| 15 வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் | 3.1% | 2.2% | 2.9% |
| உடலில் வேறிடம் பரவியது | 9.4% | 4.7% | 5.0% |
| 7 முதல் 12 வருஷம் கழித்தும் கசிவுக்குப் பேடு வைப்பவர்கள் | 9–11% | 18–24% | 3–8% |
| 12-ம் வருஷம் மலம் கசிவு | 6% | 6% | 12% |
| 12-ம் வருஷம் இரவில் இரண்டு தடவையாவது சிறுநீருக்கு எழுந்திருப்பது | 47% | 34% | 48% |

முதல் வரியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இதைப் படித்தேன். மூன்றுக்கும் சாவுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவது வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பரவுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ. வைத்துக் கண்காணிக்கும் வழக்கம் இல்லை, இன்றைய கண்காணிப்பு அதைவிடக் கறார். ஆய்வில் இருந்த பெரும்பாலானோர் சாதுவான நோய்க்காரர்கள். கிளீசன் 9 வந்தவர் இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட முடியாது.

## வழி ஒன்று: கண்காணித்துக்கொண்டு இருப்பது

சும்மா இருப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., ஒரு வருஷம் கழித்து மறுபடி பயாப்சி. எண் ஏறினால் சிகிச்சைக்குப் போவது. புரொடெக்டில் இந்தக் குழுவில் இருந்தவர்களில் 61 சதவீதம் பேர் 15 வருஷத்துக்குள் எப்போதோ ஆபரேஷனுக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். கால்வாசிப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே உயிரோடு இருந்தார்கள்.

என் சகலை நாலு வருஷமாக இந்த வழியில் இருக்கிறார். எழுபது வயது, கிளீசன் 3+3. வீட்டு தினசரிக் காலண்டரில் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரு தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பது அவர் மனைவி. அந்த வட்டம் இல்லையென்றால் இந்த வழியே இல்லை.

இதன் மறைமுகச் செலவு மனசுதான். சகலையே சொல்வார்: சோதனைக்கு முந்தைய வாரம் தூக்கம் வராது. அதைவிடப் பெரிய தொல்லை சொந்தக்காரர்கள். "கேன்சரை உள்ள வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கியளே" என்று கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்பார்கள். மகன்களுக்குத்தான் பொறுமை இருக்காது, எடுத்துப் போட்டால் தங்கள் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி அவர்களுக்கு.

கிளீசன் 6, பி.எஸ்.ஏ. பத்துக்குள் என்றால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை மறந்துபோகிற ஆளாக இருந்தால் வேண்டாம்.

## வழி இரண்டு: கரண்ட் வைப்பது

எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்குக் கரண்ட் வைப்பது என்றுதான் பெயர். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஷாக் அடிக்காது, வலிக்காது. மேஜையில் படுத்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் போக வேண்டும், இப்போது இருபது தடவை, நாலு வாரம் என்பது வழக்கமாகிவிட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஐந்தே தடவையில் முடிக்கிறார்கள். ஐந்து தடவை, பழைய முறைக்குச் சளைத்ததில்லை என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது: ஐந்து வருஷம் கழித்து நோய் தலைகாட்டாதவர்கள் ஐந்து தடவை முறையில் 95.8 சதவீதம், நீண்ட முறையில் 94.6.

என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நண்பர், எழுபத்து மூன்று வயது, மதுரையில் அறை எடுத்துத் தங்கி இருபது தடவை போய்வந்தார். அவர் பட்ட பாடு மெஷினால் இல்லை, தண்ணீரால். மலக்குடல் காலியாகவும் மூத்திரப் பை நிரம்பியும் இருந்தால்தான் கதிர் குறி தப்பாது. அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். முன்னால் போனவருக்கு நேரமாகிவிட்டால், அறுபதைத் தாண்டிய ஐந்தாறு பேர் வரிசையாகக் காலை ஆட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். "ஒருநாள் முடியாம பாத்ரூமுக்கு ஓடிட்டேன்டா. மறுபடி அரை லிட்டர், மறுபடி முக்கா மணி நேரம்."

சொல்லாமல் விடுகிற செலவு இதில் மூன்று. ஒன்று, தங்கும் செலவு. ஆஸ்பத்திரி சொல்கிற தொகையில் நாலு வாரத்து அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு, கூட இருக்கிறவரின் சம்பள இழப்பு எதுவும் இருக்காது. இரண்டு, ஹார்மோன் ஊசி. நடுத்தர நோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம், முரட்டு நோய்க்கு ஒன்றரை முதல் மூன்று வருஷம் வரை சேர்த்துப் போடுவார்கள். கரண்டை விட இதுதான் ஆளைப் போட்டுப் பார்க்கும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், சோர்வு, எடை, சர்க்கரை ஏற்றம், ஆசையே போய்விடுவது, எலும்பு மெலிவது. நண்பரின் மனைவி, "எனக்கு அம்பது வயசுல வந்ததெல்லாம் இவுகளுக்கு இப்ப வருது" என்றார், அதைவிடச் சரியாக எந்த டாக்டரும் சொல்லவில்லை. மூன்று, தாமதமாக வரும் தொந்தரவு. ஓரிரு வருஷம் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். பி.எஸ்.ஏ.வும் உடனே விழாது, மெள்ள இறங்கும், நடுவில் கொஞ்சம் ஏறியும் பயமுறுத்தும்.

நாலாவது அளவுகோலில் கரண்ட் பின்தங்குகிறது. ஆபரேஷன் செய்தபின் நோய் திரும்பினால் கரண்ட் வைக்கலாம். கரண்ட் வைத்தபின் திரும்பினால் ஆபரேஷன் செய்வது மிகவும் கடினம், திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் செய்கிற கைகள் குறைவு. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இது முக்கியம். எழுபத்தைந்துக்கு அவ்வளவு முக்கியமில்லை.

எழுபதைத் தாண்டியவர், இதய நோய் உள்ளவர், மயக்க மருந்து ஆகாதவர், நோய் உறையைக் கொஞ்சம் தாண்டியவர், கசிவை மட்டும் தாங்கவே முடியாது என்பவர் ஆகியோருக்கு இதுவே மேல். ஏற்கெனவே சிறுநீர் அடைப்பு பலமாக இருப்பவருக்கும், குடல் அழற்சி நோய் உள்ளவருக்கும் யோசிக்க வேண்டியது. புரோட்டான் (எக்ஸ்ரே கதிருக்குப் பதில் அணுத்துகளைப் பாய்ச்சும் சிகிச்சை) வேண்டுமா என்று கேட்பார்கள். சென்னை தரமணியில் 2019 முதல் இருக்கிறது. புரோஸ்டேட்டைப் பொறுத்தவரை, வழக்கமான கதிர்வீச்சையும் புரோட்டானையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. பக்க விளைவில் வித்தியாசம் தெரியவில்லை. கூடுதல் பணம் கொடுக்க நான் காரணம் பார்க்கவில்லை.

## வழி மூன்று: எடுத்துவிடுவது

சுரப்பியையும் அதோடு ஒட்டிய விந்துப் பைகளையும் முழுதாக எடுத்துவிட்டு, மூத்திரப் பையையும் சிறுநீர்க் குழாயையும் நேராகச் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் ஆறுகிற வரைக்கும் உள்ளே டியூப் இருக்கும். ரோபோவோ ஓப்பனோ, உள்ளே நடப்பது இதுதான், வெளியே வந்தபின் படுகிற பாடும் பெரும்பாலும் இதுதான். அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

லாபம் தெளிவானது. எடுத்த சுரப்பியை முழுதாகச் சோதித்து, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லாமல் சுத்தமா என்று ரிப்போர்ட் வரும். ஆறு வாரத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பூஜ்யம் ஆக வேண்டும். 0.2-ஐத் தொட்டால் திரும்பிவிட்டது என்று பொருள். தெளிவான விடை வேண்டும் என்கிற மனசுக்கு இது பெரிய நிம்மதி. அடைப்பும் சேர்ந்து போய்விடுவதால் இரவில் எழுந்திருப்பதும் குறைகிறது.

முதல் நாள் கண் விழித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: உடனே ஒன்றுக்குப் போக வேண்டும். டியூப் வழியாகப் பைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் முட்டும். நர்ஸ் இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்தாரோ, "தாத்தா, அது டியூப் உறுத்துறது" என்றார். முகம் வீங்கியிருந்தது. தலையைக் கீழாகச் சாய்த்து மணிக்கணக்கில் படுக்க வைத்ததன் விளைவு. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயு தோள்பட்டையில் வலியாக நின்றது. வயிற்றுத் தழும்புகளைவிட அந்தத் தோள் வலிதான் அதிகம். மறுநாள் நடக்க வைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு.

வீடு என்றால் பாளையங்கோட்டை இல்லை, தாம்பரத்தில் தங்கை மகள் வீடு. டியூப்போடு இரவு முழுக்க ரயிலில் வர மனசில்லை. வேட்டி கட்டுகிறவன் கொடுத்துவைத்தவன் என்று அந்தப் பத்து நாளில் தெரிந்தது. பையைக் காலோடு கட்டி வேட்டியை இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. இரவில் பெரிய பையை மாற்றி, கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைப்பேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். புரண்டு படுக்கும்போது டியூப் இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். முக்கக் கூடாது, மலச்சிக்கலுக்கு இரவில் சிரப். நடந்துவிட்டு வந்தால் பையில் சிவப்புத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக வந்து பை நிறைவது நின்றுபோனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அந்த டியூப்பை வெளியில் உள்ள எந்தக் கம்பவுண்டரையும் தொட விடாதீர்கள்.

பத்தாம் நாள் டியூப் எடுத்தார்கள். மூன்று விநாடி. எழுந்து கதவு வரை நடப்பதற்குள் கால் வழியாக இறங்கியது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஒரு ஆபீஸில் அதட்டிக்கொண்டிருந்த ஆள், வராந்தாவில் ஈரக் காலோடு நிற்பது வேறு விஷயம்.

முதல் வாரம் நாளைக்கு ஐந்து பேடு. ஊருக்கு வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் கடைக்காரர் பாக்கெட்டைக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்ததும் என் மனைவி கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இப்பத் தெரியுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். மூன்றாம் மாதம் இரண்டு, ஆறாம் மாதம் பயத்துக்கு ஒன்று, எட்டாம் மாதத்தோடு விட்டேன். காலையில் வறட்சியாக இருக்கும், சாயங்காலம் களைப்பில் கசியும். தும்மல், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, பேரனைத் தூக்குவது, இந்த மூன்றும்தான் எதிரி. காபியைக் குறைத்ததில் பாதி சரியானது.

கீழ்த்தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வாயுவை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது, பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. நான் வயிற்றைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் பிசியோதெரபி பெண் சொல்லித்தான் தப்பு தெரிந்தது. ஆறு வாரம் வரை கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், பைக் எதுவும் கூடாது.

தாம்பத்யம் பற்றி. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. நோய் அந்தப் பக்கம் இல்லையென்றால் அவற்றைப் பிரித்து விட்டுவைக்க முடியும். பிரித்தாலும் திரும்ப ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மாத்திரை உண்டு, ஊசி உண்டு, வெற்றிடப் பம்ப் உண்டு. உச்சம் வரும், விந்து வராது. நான் செய்த தப்பு ஒன்று: ஜூனியர் டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது, வெளியே மருமகன் நின்றதால், "அதெல்லாம் வயசாயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை ஃபைலில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரி, நரம்பைக் காப்பாற்ற எவ்வளவு மெனக்கெடுவது என்பதைத் தீர்மானிக்கலாம் என்று பிறகு புரிந்து, மறுநாள் பெரிய டாக்டரிடம் தனியாகப் போய்த் திருத்தச் சொன்னேன். கேட்டால் கதவை மூடச் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

எழுபதுக்குக் கீழே, வேறு பெரிய நோய் இல்லாமல், நோய் உறைக்குள் இருந்து, பத்துப் பதினைந்து வருஷம் வாழ வாய்ப்புள்ளவருக்கு இந்த வழி பொருந்தும். முரட்டு நோயிலும் செய்வார்கள், ஆனால் பின்னாலேயே கரண்டும் ஊசியும் சேர்ந்து வரலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

## இப்போது கேளுங்கள்: ரோபோவா, ஓப்பனா

முதலில், ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. என் தங்கை, "நடுவுல கரண்ட் போச்சுன்னா?" என்று கேட்டாள். டாக்டர் அதே அறையில் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல மடங்கு பெரிதாக, ஆழம் தெரிகிற படம் அவருக்குத் தெரியும். அவர் விரலை அசைக்க, உள்ளே மணிக்கட்டு மாதிரி வளைகிற கருவி அசையும். மெஷின் மக்கர் செய்தால் கையால் முடிப்பார்கள். சம்மதத் தாளில் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.

இந்த ஆபரேஷனை ரோபோவில் ஒரு ஒழுங்கான முறையாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த மணி மேனன். திருச்சூரில் பிறந்து புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். நரம்பைப் பிரித்து வைக்கும் வித்தை அதற்கும் முந்தியது, 1982-ல் பால்டிமோரில் பேட்ரிக் வால்ஷ் ஓப்பனில் செய்து காட்டியது. ரோபோ வந்துதான் நரம்பு பிழைத்தது என்பது விளம்பரம்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் நடந்தது. ஒரு டாக்டர் ரோபோவில், இன்னொருவர் ஓப்பனில். ரத்த இழப்பு ரோபோவில் சுமார் 444 மில்லி, ஓப்பனில் சுமார் 1,338. ஆஸ்பத்திரியில் இருந்தது ரோபோவில் ஒன்றரை நாள், ஓப்பனில் மூன்றே கால். ஆனால் மூன்றாம் மாதத்திலும் இரண்டாம் வருஷத்திலும் கசிவிலும் தாம்பத்யத்திலும் இரண்டு குழுவும் ஒன்றுபோலவே இருந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு: ஓப்பன் செய்தவர் அதற்கு முன் 1,500 ஆபரேஷன் செய்தவர், ரோபோக்காரர் 200. ரோபோ ஆதரவாளர்கள், 200 செய்தவரை 1,500 செய்தவருக்குச் சமமாக்கியது மெஷின்தான் என்பார்கள். ஓப்பன்காரர்கள், மெஷின் புதிதாக எதையும் தரவில்லை என்பார்கள். இரண்டும் சரியாகவே எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் 2007-ல் வந்த ஓப்பன் ஆபரேஷன் ஆய்வு ஒன்று இதைவிட முக்கியம். பத்து ஆபரேஷன் மட்டுமே அனுபவமுள்ள டாக்டரிடம் செய்துகொண்டவர்களில் ஐந்து வருஷத்தில் நோய் திரும்பியது 17.9 சதவீதம், 250 செய்தவரிடம் 10.7. கத்தி அதேதான், கைதான் மாறியிருக்கிறது.

ஆக, ரோபோ கொடுப்பது முதல் ஒரு மாதத்தின் சௌகரியம்: ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீடு. கண்ணில் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள் தலைகீழாகச் சாய்க்கும் விஷயத்தை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஓப்பனில் ஆயிரம் செய்த டாக்டர் உங்கள் ஊரிலேயே இருந்து, ரோபோவை நேற்று வாங்கிய ஆஸ்பத்திரி ஐந்நூறு கிலோமீட்டரில் இருந்தால், நான் ஊரிலேயே செய்துகொள்வேன். ரோபோ இல்லாமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவும் குச்சிக் கருவிகளும் விட்டுச் செய்கிற சாதாரண லேப்ராஸ்கோப்பியிலும் செய்வார்கள். வளையாத குச்சிகளை வைத்து அந்தத் தையலைப் போடுவது லேசல்ல, அதிலேயே ஊறியவர் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

## பில்

எனக்கு ஓப்பனுக்குச் சொன்னது இரண்டே முக்கால் லட்சம், ரோபோவுக்கு நாலரை. வெளியே வந்தபோது ஐந்தேகால். ரோபோவின் கருவிகளை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு இருக்கிறது, அதனால் அதற்குத் தனிக் கட்டணம். பயாப்சி, ஊசி, டியூப் எடுக்கிற நாளின் ஸ்கேன் எதுவும் அந்த 'பேக்கேஜில்' இல்லை. எட்டு மாதப் பேடு செலவை நான் கூட்டிப் பார்க்கவில்லை, மனைவி கூட்டி வைத்திருக்கிறார்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாகப் போனேன். ரோபோ அறுவையை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஆணையம் 2019-ல் சொல்லிவிட்டது, ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. என் ஐந்து லட்சம் பாலிசியின் பதினேழாம் பக்கத்தில் ரோபோவுக்கு இரண்டரை லட்சம் என்று பொடி எழுத்தில் இருந்ததை டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில்தான் படித்தேன். அட்மிஷனுக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022-ல் ரோபோ அறுவை மையம் திறந்திருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் தனியாருக்கு நகையை அடகு வைப்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்விட்டு வரலாம்.

## டாக்டரிடம் கேட்டது

டியூப், பேடு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது ஒரு கேள்வியைக் கேட்பது. "இதுவரைக்கும் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?" முதலில் பார்த்தவர் பேனாவை மூடி வைத்தார். "நம்பிக்கை இருந்தா வாங்க" என்றார். அறையில் ரோபோவின் பெரிய வண்ணப்படம் மாட்டியிருந்தது.

இரண்டாவது டாக்டர் நானூறுக்கு மேல் என்றார். ஒரு வருஷம் கழித்தும் பேடு வைத்திருப்பவர்கள் அவரிடம் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஓரத்தில் நோய் தங்கிப்போய் கரண்டுக்கு அனுப்ப வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதை நான் கேட்காமலே சொன்னார். பிறகு என்னைக் கதிர்வீச்சு டாக்டர் ஒருவரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பார்த்துவிட்டு, பதினைந்து நாள் யோசித்துவிட்டு, அவரிடமே போனேன். மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்க மறந்தே போனது. பில்லில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.